பழைய இன்ஜினுக்கு வேறு கிராங்க்: அளந்து பார்த்துக் கற்றது

முதலில் விளக்குதான் சொன்னது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும், ஆயில் பிரஷர் விளக்கு லேசாக மினுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடும். வயதான வண்டி, சுவிட்ச் போயிருக்கும் என்று நினைத்து அதை மாற்றினேன். மினுக்கல் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துச் சத்தமும் சேர்ந்துகொண்டது. வேகம் எடுக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் காலை லேசாக எடுத்தால், அந்த நொடியில் அடியிலிருந்து டக் டக் டக் என்று சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும்.

வண்டியை அன்றே நிறுத்திவிட்டேன். இந்த வேலையில் எனக்கு மிச்சமான காசில் பெரும்பகுதி அந்த ஒரு முடிவில் மிச்சமானது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க்; பிஸ்டனை அதோடு இணைப்பது கான்ராட், சுருக்கமாக ராட். கான்ராட் அடிக்க ஆரம்பித்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஓட்டினால், ராட் முறிந்து, பிளாக் என்கிற இன்ஜின் உடலின் பக்கச்சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் கிராங்க் மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை.

எந்த ராட் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க்கை நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் அமுங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. எனக்கு மூன்றாவது சிலிண்டர். கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் போனால் வரும் சத்தம் வேறு. அது இன்னும் கனமாக, உள்ளிருந்து, இன்ஜினுக்குச் சுமை ஏறும்போது கேட்கும்.

ஆயிலை வடித்தபோது அதில் மினுமினுப்பு இருந்தது. விரலில் தொட்டு வெயிலில் காட்டினால் ஜரிகைப் பொடி மாதிரி. காந்தத்தை விட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஷெல் பேரிங் என்பது இரண்டு அரைவட்டத் தகடுகள். அதன் உள்பூச்சில் இருக்கும் ஈயம், வெள்ளீயம், செம்பு, அலுமினியம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே உதிர்ந்தது பேரிங்தான் என்று இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றும் முன்பே தெரிந்துவிட்டது.

மூன்றாவது ராடின் கீழ்ப்பாதியான கேப்பைக் கழற்றினேன். ஷெல்லின் சாம்பல் நிறப் பூச்சு முழுக்கப் போய், அடியில் இருந்த செம்பு பளபளவென்று தெரிந்தது. கிராங்க் ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் அதன் வழவழப்பான பகுதியில், நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தால், வரிக்கு வரி நகம் மாட்டியது. ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு நீலமாவது அவ்வளவு சூடு கண்டதற்கு அடையாளம். ஷெல்லைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். அங்கே 0.50 என்று குத்தியிருந்தது. முன்பே யாரோ ஒருவர் இந்தக் கிராங்கை 0.50 மி.மீ. அரைத்திருக்கிறார்கள். பட்டறையில் அதை 20 தௌ என்பார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. என் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் கடைசி அண்டர்சைஸே, அதாவது ஜர்னலை அரைத்துச் சிறிதாக்க அனுமதித்த கடைசி அளவே, அதுதான். இனி அரைக்க இடமில்லை.

தேய்ந்த ஜர்னலில் வெல்டிங் செய்து உலோகம் ஏற்றி மறுபடி அரைக்கும் முறையும் உண்டு. நன்றாகச் செய்தால் நிற்கும். ஆனால் அந்தச் சூட்டில் கிராங்க் வளையலாம், நிமிர்த்த வேண்டி வரலாம், செலவும் அதிகம். அபூர்வமான, வேறு கிராங்க் கிடைக்கவே கிடைக்காத இன்ஜினுக்குத்தான் அது பொருந்தும். என் கைக்காசுக்கு இருந்த வழி, கழித்த வண்டி ஒன்றிலிருந்து வேறு கிராங்க் எடுத்துப் போடுவது.

அதைத் தேடிப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. இந்தக் கிராங்க் ஏன் போனது? இதை விட்டுவிட்டு நேரே புதுக் கிராங்க் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பழைய கிராங்கைக் கொன்றது எதுவோ, அது இன்ஜினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்ததையும் அது விடாது.

என் இன்ஜினில் அது ஆயில் ஸ்ட்ரெய்னரில் இருந்தது. சம்ப்புக்குள் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் அந்தக் கம்பி வலையில், பாதிக்கு மேல் சிலிக்கான் பேஸ்ட் துண்டுகள் அடைத்திருந்தன. முன்பு யாரோ சம்ப் கேஸ்கட்டுக்கு அந்தப் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி இறுக்கியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பது? அது காய்ந்து, உதிர்ந்து, ஆயிலோடு மிதந்து வலையில் போய் ஒட்டிக்கொண்டது. சூடான ஆயில் நீர்த்துப்போகும் நேரத்தில் பிரஷர் இன்னும் இறங்க, பாவம், மூன்றாவது ராட் பேரிங் முதலில் பட்டினி கிடந்தது. ஆயில் பம்பையும் பிரித்து, கியருக்கும் உறைக்கும் இடையில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தேன். மேனுவல் சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தது. வாங்கவேண்டிய பட்டியலில் பம்பும் சேர்ந்தது.

அடுத்து, கிராங்க் தேடல். ஒரே குடும்ப இன்ஜின் என்றால் கிராங்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8. 1955இல் வந்த குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். ஆனால் ஆரம்ப கால இன்ஜின்களில் மெயின் ஜர்னல் 2.30 அங்குலம், பிறகு வந்த 350 கன அங்குல இன்ஜினில் 2.45, 1970இல் வந்த 400 கன அங்குல இன்ஜினில் 2.65. அந்த 400இன் கிராங்கை 350 பிளாக்கில் போட்டு 383 ஆக்குவது பழைய வித்தை. அதற்கு மெயின் ஜர்னலை 2.65இலிருந்து 2.45க்கு அரைத்தே ஆக வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்கும் 3.48இலிருந்து 3.75 அங்குலமாகக் கூடுகிறது. பிஸ்டனைப் பொருத்தமாக மாற்றாவிட்டால் அது கூடுதல் ஸ்ட்ரோக்கில் பாதியளவு மேலே ஏறிவிடும். 400இன் கிராங்குக்கு பேலன்ஸ் எடையில் ஒரு பகுதி முன்பக்க டாம்பரிலும் ஃப்ளைவீலிலும் இருக்கிறது. அவற்றையும் சேர்த்து எடுக்காவிட்டால் இன்ஜின் குலுங்கும். அது போதாதென்று 1986 வாக்கில் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. ஒரே பெயர் கொண்ட ஒரு குடும்பத்துக்குள் இத்தனை வேறுபாடு.

என்னுடையது சாதாரண நான்கு சிலிண்டர், ஐந்து மெயின் பேரிங் இன்ஜின். ஆனாலும் பாடம் அதேதான். கழற்றிய பழைய கிராங்கின் மெயின் ஜர்னல் விட்டம், ராட் ஜர்னல் விட்டம், மொத்த நீளம், ஃப்ளைவீல் போல்ட் எண்ணிக்கை, வார்ப்பு எண், எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு போனேன். ஜர்னல் தேய்ந்தும் அரைத்தும் இருந்ததால் ஸ்டாண்டர்ட் அளவை மட்டும் மேனுவலிலிருந்து எடுத்தேன். ஸ்ட்ரோக்கைக் கிராங்கை வைத்தே அளக்கலாம். மெயின் மையத்திலிருந்து ராட் ஜர்னல் மையம் வரை எவ்வளவோ, அதன் இரு மடங்கு ஸ்ட்ரோக்.

தரையில் தனியாகக் கிடக்கும் கிராங்கைவிட, பிரிக்காத இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்கை வாங்குவது எவ்வளவோ மேல். கேப்பைக் கழற்றினால் ஷெல்லின் முகமும் முதுகும் அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். வெளியே கிடந்த கிராங்கில் ஜர்னல்மேல் துரு பொட்டுப் பொட்டாகக் குழி பறித்திருக்கும். மேலே தேய்த்தால் பளபளப்பு வரும், குழி அப்படியே இருக்கும். ஆனால் ஒன்று: கிராங்க் எங்கிருந்து வந்தாலும் மெயின் கேப்புகள் உங்கள் பிளாக்குடையவைதான். பிளாக்கும் கேப்பும் சேர்த்து முடுக்கி, ஒரே ஓட்டத்தில் துளை கடைந்தவை. வேறு பிளாக்கின் கேப் உட்காரும், வட்டம் வராது.

நான் எடுத்தது அப்படி ஒரு இன்ஜினுக்குள்ளிருந்து. ஷெல் எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ். அதாவது, ஒருமுறைகூட அரைக்காத கிராங்க். கழற்றும்போது ராட் போல்ட்டுகளின் மேல் சிறு ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் ராடை மேலே தள்ளும்போது போல்ட்டின் மரை ஜர்னலைக் கீறிவிடும். கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் அதன் எடைத்துண்டுகளைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று நின்று ஒலித்தது. விரிசல் விட்ட கிராங்க் பொத்தென்று செத்த சத்தம் கொடுக்கும். இது முதல் சோதனை மட்டும்தான், தேர்ச்சிச் சான்று அல்ல.

மைக்ரோமீட்டரை இரவல் வாங்கினேன். டயல் கேஜையும் அப்படித்தான். ஒரே வேலைக்காக இவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆனால் இவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவும் கூடாது. நான்கு ராட் ஜர்னல், ஐந்து மெயின் ஜர்னல். ஒவ்வொன்றிலும் இந்த ஓரம், அந்த ஓரம், ஒவ்வொரு ஓரத்திலும் நெடுக்கும் குறுக்கும். மொத்தம் 36 அளவுகள். இரண்டு ஓரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் டேப்பர், நெடுக்குக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் இருந்தால் ஓவல். ராட் ஜர்னல்கள்தான் சீக்கிரம் ஓவலாகும். எரிதலின் தள்ளல் ஒவ்வொரு முறையும் அதன் ஒரே பக்கத்தில் விழுகிறது அல்லவா?

மெயின் ஐந்தும் நன்றாக இருந்தன. இரண்டாவது ராட் ஜர்னலில் 0.04 மி.மீ. ஓவல். கண்ணுக்கும் நகத்துக்கும் அது தெரியவே இல்லை, பளபளவென்றுதான் இருந்தது. என் மேனுவல் அனுமதித்தது 0.02 வரைக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து இதைச் சரிசெய்ய முடியாது. எமரி மேல்முகத்தைத்தான் மென்மையாக்கும், வட்டத்தைத் திருப்பித் தராது. அந்த 36 எண்களை எழுதாமல், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று போட்டிருந்தால், புதுப் பேரிங்கோடு அதே சத்தம் சீக்கிரமே திரும்பி வந்திருக்கும்.

வளைவு பார்க்க, கிராங்கைத் தாங்கிச் சுற்றவிடும் வி வடிவக் கட்டைகள் (வி பிளாக்) என்னிடம் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. பிளாக்கைக் கவிழ்த்து, முதல் மெயினிலும் கடைசி மெயினிலும் மட்டும் ஷெல் போட்டு, எண்ணெய் தடவி, கிராங்கை அதில் படுக்க வைத்து, நடு ஜர்னலின் மேல் டயல் கேஜை நிறுத்திச் சுற்ற வேண்டும். முள் எவ்வளவு ஆடுகிறதோ, உண்மையான வளைவு அதில் பாதி. எனக்கு முள் மொத்தம் 0.03 மி.மீ. ஆடியது. மேனுவலின் வரம்புக்குள்தான்.

பிறகு கிரைண்டிங் பட்டறை. ராட் ஜர்னல் நான்கையும் 0.25 அரைக்க, மெயினுக்கு வெறும் பாலிஷ். ராடுக்கு ஒரு சைஸ், மெயினுக்கு ஒரு சைஸ் என்று இருப்பதில் தவறில்லை. பேரிங் செட்டுகள் தனித்தனியாகத்தான் வருகின்றன. ஆனால் கிராங்கைக் கொடுக்கும் முன் பேரிங் செட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய இன்ஜினுக்கு எல்லா அண்டர்சைஸும் கிடைக்காது. 0.25க்கு அரைத்துவிட்டு, கடையில் 0.50 மட்டும்தான் இருக்கிறது என்றால் மறுபடி அரைக்க வேண்டியதுதான்.

பட்டறையில் இருந்த பெரியவர் கிராங்கை வாங்கியதும் அளவைக் கேட்கவில்லை. ஜர்னல் முடிந்து பக்கச்சுவர் ஏறும் மூலையை விரலால் தடவினார்.

"தம்பி, சைஸ் எல்லாரும் கேட்பாங்க. இந்த மூலையை யாரும் கேட்க மாட்டாங்க."

"அங்கே என்ன அண்ணே இருக்கு?"

"இங்கேதான் உடையும்."

அந்த மூலை கூர்மையாக இருக்கக் கூடாது, உட்பக்கமாக வளைந்த ஒரு சிறு வளைவாக இருக்க வேண்டும். கிராங்கில் விழும் முறுக்கும் வளைப்பும் ஒன்றுகூடுவது அந்த இடத்தில். அவசரமாக அரைப்பவர்கள் கல்லைச் சதுர மூலையோடு இறக்கிவிடுவார்கள். அளவு சரியாக வரும், விரிசல் அங்கே பிறக்கும். கிராங்கைத் திரும்ப வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து எல்லா மூலையையும் பாருங்கள். ஆயில் துளையின் வாய் ஓரத்தையும் பாருங்கள். அரைத்த பின் அந்த ஓரம் கத்தி மாதிரி நிற்கும். லேசாகச் சாய்த்து மழுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெல்லைச் சுரண்டும். அரைப்பதற்கு முன் விரிசல் சோதனையும் அவரே செய்தார். சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் போன சாயம் மெல்லிய சிவப்புக் கோடாக வெளியே வரும். என்னுடையதில் கோடு எதுவும் வரவில்லை.

இனி, நான் தவறிய இடம்.

அரைத்த கிராங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய கிராங்கின் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழையதன் பின்முனை நடுவில் பைலட் புஷ் இருந்தது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு வந்து உட்காரும் அந்தச் சின்ன வெண்கல வளையம். புதியதில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, ஆனால் புஷ் போகும் அளவுக்குக் கடையவில்லை. அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டியிலிருந்து வந்த கிராங்க். ஆட்டோமேட்டிக்குக்கு அந்தப் புஷ் தேவையில்லை, அதனால் தொழிற்சாலையில் அந்த வேலையைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள். ஜர்னல் விட்டம், நீளம், போல்ட் துளை, ஸ்ட்ரோக் எல்லாம் சரி. என் அட்டையில் அந்தத் துளை மட்டும் இல்லை.

மறுபடி பட்டறைக்கே போனேன். லேத்தில் கட்டி மையம் பார்த்துத் துளையைக் கடைந்து கொடுத்தார்கள். மையம் தவறினால் இன்புட் ஷாஃப்ட் தேயும், கிளட்ச் சரியாக விடாது, ஆகவே கை டிரில்லில் செய்யும் வேலை இல்லை இது. கூடுதலாக ஒரு கூலி, ஒரு வாரம் தாமதம். கிராங்க் வாங்கப் போகும்போது பழைய பைலட் புஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு மாலை முழுக்க ஆனது. இதை மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நன்றாக அரைத்த கிராங்க் இங்கேதான் வீணாகிறது. ஆயில் முதலில் மெயின் பேரிங்குக்கு வருகிறது. அங்கிருந்து கிராங்கின் உள்ளே சாய்வாகத் துளைத்த வழியில் ஏறி ராட் பேரிங்குக்குப் போகிறது. கிரைண்டிங் கல்லின் பொடியும் இரும்புப் பிசிறும் அந்த வழிக்குள்தான் ஒளிந்திருக்கும். நடுவில் எந்த ஃபில்டரும் கிடையாது. இன்ஜின் ஓடிய முதல் நொடியில் அது நேரே புது ஷெல்லின் மேல் போய் விழும். என் கிராங்கில் அந்த வழிகளின் ஒரு முனையைச் சிறு பிளக்குகள் அடைத்திருந்தன. அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயும் நீளமான மெல்லிய பிரஷ்ஷும் விட்டுத் தேய்த்தேன். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு காற்று. அதன் பிறகு கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். முதல் துணி கறுப்பாக வந்தது. மூன்றாவது சாம்பலாக வந்தது. துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. பிளாக்கில் உள்ள ஆயில் வழிகளுக்கும் இதே மரியாதை. புதுப் பிளக் போட்டு, ஜர்னல்களில் ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறை மாட்டி, கிராங்கை நிறுத்தியே வைத்தேன்.

மூன்றாவது ராடை மறக்கக் கூடாது. பேரிங் அவ்வளவு சூடு கண்டால் ராடின் பெரிய கண் வட்டம் இழந்துவிடும். அளந்தேன், இழந்திருந்தது. அந்த ராடை வெளியே எடுக்க, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. கிராங்க் கிடைத்த அதே இன்ஜினிலிருந்து நல்ல ராட் ஒன்றை எடுத்து, மற்ற மூன்றோடு எடை ஒத்துப்போகிறதா என்று தராசில் பார்த்துப் போட்டேன். சிலிண்டர் தேய்மானம் வரம்புக்குள் இருந்ததால் லேசான ஹோனிங்கும் (சிலிண்டர் சுவரைக் கல்லால் உரசுவது) புது பிஸ்டன் ரிங்கும் போதுமாக இருந்தன. பேலன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: வரிசையாக நான்கு சிலிண்டர் கொண்ட இன்ஜினின் கிராங்கைத் தனியாகவே பேலன்ஸ் பார்க்கலாம். வி8 கிராங்க் என்றால் ராட், பிஸ்டன் எடைக்குச் சமமான போலி எடைகளை ஜர்னலில் மாட்டித்தான் பார்க்க முடியும்.

பொருத்தும் நாளில் ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் கூடாது. எண்ணெய் எல்லாம் ஜர்னல் பக்கம்தான். என் இன்ஜினில் பள்ளம் வெட்டிய ஷெல் பிளாக் பக்கம், பள்ளமில்லாதது கேப் பக்கம். ஷெல்லின் துளை பிளாக்கின் ஆயில் துளைக்கு நேரே வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் பயன்படுத்தினேன். நூல் மாதிரி மெல்லிய மெழுகுத் திரி. உலர்ந்த ஜர்னலின் மேல் நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் முறுக்கு விசையில்) முடுக்கி, கழற்றினால், அது நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிடலாம். நடுவில் கிராங்கை இம்மிகூடச் சுற்றக் கூடாது, சுற்றினால் திரி இழுபட்டு அளவு பொய்யாகும். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05. எனக்கு எல்லாம் 0.04க்கும் 0.05க்கும் நடுவில் வந்தன. மேனுவல் சொன்ன எல்லைக்குள் இருந்ததும் நிம்மதியாக இருந்தது.

பிறகு எண்ணெய் தடவிக் கடைசிப் பொருத்தல். கேப்பில் உள்ள எண்ணும் அம்புக்குறியும் பார்த்து, நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும், மூன்று தவணையாக டார்க். ஒவ்வொரு கேப்பையும் முடுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன். இந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. மூன்று கேப்பு வரைக்கும் இரண்டு விரலால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான்காவது கேப்பை முடுக்கியதும் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. கழற்றினேன். ஷெல்லின் முதுகில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு பளபளப்பான புள்ளி. அதற்கு நேரே கேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு இரும்புப் பிசிறு, தலைமுடியை விடவும் மெல்லியது. துடைத்து, ஷெல்லின் உள்முகம் கெடவில்லை என்று பார்த்து, மறுபடி முடுக்கினேன். மறுபடியும் இரண்டு விரலுக்குச் சுற்றியது. ஐந்தையும் ஒரேயடியாக முடுக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்திருந்தால் எந்தக் கேப்பில் என்று தேடவே அரை நாள் போயிருக்கும்.

கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரில் பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகாமல் கிராங்கின் முகமே தேய்ந்துவிடும். முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பார்த்தேன், 0.12 மி.மீ. அதிகமாக இருந்திருந்தால் தடிமன் கூடிய வாஷர் வாங்கியிருப்பேன். பின்பக்க ஆயில் சீலுக்கு ஒரு சின்ன உபாயம்: பழைய சீலின் உதடு கிராங்கில் ஒரு தடம் வெட்டியிருந்தது. புது சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைத்தேன், உதடு தேயாத இடத்தில் படும்படி. ஒழுகவில்லை.

காசை எங்கே பிடித்தேன், எங்கே விட்டேன் என்று கேட்பவர்களுக்கு: கிராங்க் பழையது, ராட் பழையது, கருவிகள் இரவல், உழைப்பு என்னுடையது. பேரிங், சீல், கேஸ்கட், ஆயில் பம்ப், ராட் போல்ட், ஹெட் போல்ட் எல்லாம் புதியவை. நீண்டு கொடுக்கும் வகை போல்ட்டை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை நீண்டது அடுத்த முறை அதே பிடியைத் தராது. கேஸ்கட் செட்டும் பேரிங்கும் சேர்ந்து கிராங்கை விடவும் அதிகமாக வந்தது. அதில் குறைக்கலாமா என்று ஒரு இரவு யோசித்தேன். குறைக்காததில் எனக்கு இன்றும் திருப்திதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றினேன். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் சுமை பேரிங்கின் மேல் விழாது, பம்ப் மட்டும் ஆயிலை ஏற்றும். புது பம்ப்பின் உள்ளே முன்பே ஆயில் ஊற்றிவைத்திருந்தேன். ஃபில்டரையும் நிரப்பியே மாட்டினேன். நான்காவது சுற்றலில் ஆயில் விளக்கு அணைந்தது. பிளக்கை மாட்டி, ஸ்டார்ட் செய்து, வேகத்தை ஏற்றாமல் ஓடவிட்டேன். சத்தம் இல்லை. அந்த மூன்றாவது சிலிண்டரின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். டைமிங் செயினின் மெல்லிய சரசரப்பு மட்டும்தான்.

500 கி.மீ. ஓட்டிவிட்டு ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடித்தேன். ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தேன். புது ரிங் உட்காரும்போது உதிரும் சாம்பல் பொடி கொஞ்சம் இருந்தது. மினுமினுப்பு இல்லை, செம்பு நிறம் இல்லை. புது ஆயில் ஊற்றி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டுவிட்டு, கால் மணி நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மினுக்கவே இல்லை.